கப்பல் சீட்டு யார் எடுத்துக் கொடுத்தது?

அறிஞர் மாநாடுகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அங்கே வாசிக்கப்பட்ட கட்டுரைகளில் தொடங்கி, நிறைவேறிய தீர்மானங்களில் முடித்துவிடுகிறார்கள். யாருக்குக் கப்பல் சீட்டு, யாருக்கு எந்த வீட்டில் படுக்கை, ரயில் பாஸ் எதுவரை செல்லும் என்றெல்லாம் எழுதி வைத்த வரவேற்புக் குழுவின் கணக்குப் புத்தகத்தை யாரும் புரட்டுவதில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கடல் கடந்து கூடிய மாநாடுகளைப் பொறுத்தவரை அந்தப் புத்தகத்தைத்தான் முதலில் திறக்க வேண்டும் என்பது என் கட்சி. கட்டுரையைத் தபாலில் அனுப்பிவிடலாம். ஆளை அனுப்ப யாராவது பணம் கொடுத்தாக வேண்டும். அந்த யாராவது யார் என்பதைப் பொறுத்தே எவர் வந்தார், எதைப் பார்த்தார், ஊர் திரும்பிய பிறகு எந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார் என்பதெல்லாம் அமைந்திருக்கிறது.

ஆண்டுக்கு ஓர் ஊரில் கூடுவது என்ற வழக்கத்தை ஜெர்மானிய இயற்கை அறிஞர் லோரென்ஸ் ஓகன் 1822இல் லைப்சிக் நகரில் தொடங்கிவைத்தார். 1828இல் பெர்லினில் ஹும்போல்ட் முன்னின்று நடத்திய கூட்டத்துக்கு இங்கிலாந்திலிருந்து சார்லஸ் பாபேஜ் போய் வந்தார். அவர் கொண்டுவந்த செய்தியும் சேர்ந்துதான் 1831இல் யார்க் நகரில் பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றச் சங்கம் பிறந்தது. நிலையான தலைமையிடத்தில் கூடும் கழகத்துக்கு இல்லாத ஒரு தொல்லை இப்படி ஊர் ஊராகச் செல்லும் சங்கத்துக்கு உண்டு: ஒவ்வோர் ஆண்டும் புதிய ஊரில், ஒரு வாரத்துக்கு, நூற்றுக்கணக்கானவர்களுக்குத் தங்க இடம் தேட வேண்டும். உள்ளூர்க் குழு கூடி, செல்வர் வீடுகளில் அறைகளைக் கேட்டு வாங்கி, ரயில் கம்பெனிகளிடம் கட்டணச் சலுகை பேசும். பிரிட்டனுக்குள் இருந்தவரை இது பெரிய செலவில்லை. ஊருக்குப் பெருமை என்று உள்ளூரார் ஏற்றுக்கொண்டார்கள்.

1884இல் சங்கம் மான்ட்ரியாலில் கூடியபோதுதான் கணக்கு மாறியது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே கூடுவதா என்று உறுப்பினர்களில் ஒரு சாரார் முணுமுணுத்தார்கள். அட்லான்டிக்கைக் கடக்கும் செலவைத் தாங்களே ஏற்கக் கூடியவர்கள் எத்தனை பேர் என்பது நியாயமான கேள்விதான். கனடா அரசு பயணச் செலவுக்குப் பண உதவி செய்தது. கனடியன் பசிபிக் ரயில்வே உறுப்பினர்களை ராக்கி மலைகள் வரை இலவசமாக அழைத்துப் போனது. அந்த ரயில் பாதை அப்போது முடியக்கூட இல்லை. கடைசி ஆணி அடிக்கப்பட்டது 1885 நவம்பரில்தான். கடனில் தள்ளாடிக்கொண்டிருந்த கம்பெனி அறிவியல் மீது கொண்ட அன்பினால் விருந்து வைத்தது என்று நம்ப வேண்டியதில்லை. லண்டனின் மதிப்பு மிக்க மனிதர்கள் பாதையைக் கண்ணால் பார்த்துவிட்டு நல்ல வார்த்தை சொன்னால் முதலீட்டாளர்கள் காதில் விழும் அல்லவா?

ஆனால் விருந்து கொடுத்தவரின் நோக்கமும் விருந்தின் விளைவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. கப்பல் ஏறிய வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, அப்படியே பால்டிமோர் போய் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒளியைப் பற்றி ஆற்றிய தொடர் உரைகள் 19ஆம் நூற்றாண்டு இயற்பியலின் சிக்கல்களைத் தெளிவாக எடுத்துக்காட்டின. மானிடவியலுக்குத் தனிப் பிரிவு அந்தக் கூட்டத்தில்தான் முதன்முதலாக அமைந்தது. தலைமை ஏற்றவர் எட்வர்ட் டைலர். கனடாவின் வடமேற்குப் பழங்குடிகளை ஆராய ஒரு குழுவும் அங்கே அமைக்கப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து ஃப்ரான்ஸ் போவாஸ் என்ற இளைஞருக்குக் களப்பணிப் பணம் கொடுத்தது இந்தக் குழுதான். அமெரிக்க மானிடவியலின் தந்தை என்று இன்று பாடநூல்கள் சொல்லும் மனிதரின் தொடக்க காலப் பயணங்களுக்குப் பின்னால் மான்ட்ரியாலுக்கு வாங்கிய கப்பல் சீட்டுகளும் இருக்கின்றன.

இதற்கு உடனே எழும் மறுப்பு ஒன்று உண்டு. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லும் சமூகத்துக்கு அது எளிதில் புரியும்: சோறு போட்டவருக்கு எதிராக யார் பேசுவார்கள்? ஓசிப் பயணத்தில் வந்தவர்கள் அழைத்தவர் விரும்பும் முடிவைத்தானே சொல்வார்கள்? 1905ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கக் கூட்டத்தைப் பார்த்தால் ஐயம் வலுக்கவே செய்யும். போயர் போர் ஓய்ந்து மூன்றே ஆண்டுகள். பிரதிநிதிகளைக் கேப் டவுனிலிருந்து விக்டோரியா அருவி வரை கொண்டுசென்றார்கள். சாம்பெசி ஆற்றின் மீது கட்டிய புதிய பாலத்தைச் செப்டம்பர் 12 அன்று சங்கத்தின் தலைவர் ஜார்ஜ் டார்வின், சார்லஸ் டார்வினின் மகன், திறந்துவைத்தார். பேரரசின் கண்காட்சிக்கு அறிவியலின் முத்திரை கிடைத்தாயிற்று. ஆனால் அதே பயணத்துக்காகச் சங்கமும் சுரங்க முதலாளி ரோட்ஸின் அறங்காவலர்களும் சேர்ந்து டேவிட் ரான்டால்-மக்கைவர் என்ற தொல்லியல் அறிஞரை ஜிம்பாப்வே இடிபாடுகளை ஆராய அனுப்பியிருந்தார்கள். அந்தக் கல் மதில்கள் ஃபினீசியர்களோ அராபியர்களோ கட்டியவை என்பது வெள்ளைக் குடியேறிகளுக்குப் பிடித்தமான கதை. நாட்டின் மீது ஆப்பிரிக்கருக்கு உள்ள உரிமையை மறுக்க அது வசதியாக இருந்தது. மக்கைவர் புலவாயோவில் எழுந்து நின்று, இவை ஆப்பிரிக்கர் கட்டியவை, இடைக்காலத்தைச் சேர்ந்தவை என்று சொன்னார். குடியேறிகள் கொதித்துப் போனார்கள். ஆகவே உபசாரம் முடிவுகளை விலைக்கு வாங்கியது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. அது வாங்கியது வேறொன்றை: பார்வை எந்தத் திசையில் விழ வேண்டும் என்பதை. ஜிம்பாப்வே இடிபாடுகளை 1905இல் ஆராய வேண்டும் என்று தோன்றியதே சங்கத்தின் கூட்டம் அந்தப் பக்கம் வந்ததால்தான்.

கூட்டத்துக்குள் எவர் நுழைந்தார் என்பதையும் உபசாரமே முடிவு செய்தது. நேட்டாலில் மார்ஷல் கேம்பெல் என்ற சர்க்கரை முதலாளி மவுன்ட் எட்ஜ்கம்பில் பிரதிநிதிகளுக்கு விருந்தளித்தார். அங்கே ஜூலு தலைவர் ஜான் டூபே பேசினார். பின்னாளில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸாக வளர்ந்த அமைப்பின் முதல் தலைவர். தம் மக்களுக்கு இந்த நாட்டை விட்டால் வேறு நாடில்லை என்று அவர் விருந்தினர் முன் எடுத்துச் சொன்னதைக் காந்தியின் ‘இந்தியன் ஒப்பீனியன்’ செய்தியாக வெளியிட்டது. டூபேவுக்கு அந்த மேடையைத் தந்தது சங்கத்தின் நிகழ்ச்சி நிரல் அல்ல, ஒரு முதலாளியின் விருந்து அழைப்பு. அந்தப் பகுதிக் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தவர்களில் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறிய தமிழர்களும் தெலுங்கர்களும் பெருந்தொகை. அவர்களுக்கும் யாரோ கப்பல் சீட்டு எடுத்துக் கொடுத்திருந்தார்கள்தான். பேச அழைப்புதான் இல்லை.

இந்த ஏற்பாடுகளின் உச்சம் 1914இன் ஆஸ்திரேலியக் கூட்டம். ஆஸ்திரேலிய மத்திய அரசு பிரதிநிதிகளின் பயணத்துக்கு 15,000 பவுன் ஒதுக்கியது. மெல்போர்ன் வேதியியல் பேராசிரியர் ஓர்ம் மேசன் தலைமையில் குழு அமைந்தது. ஏற்பாடுகளைக் கவனித்த செயலாளர் டேவிட் ரிவெட். கடல் கடந்து வந்தவர்கள் 300க்கும் மேல். ஓர் ஊர் அல்ல, பெர்த், அடிலெய்டு, மெல்போர்ன், சிட்னி, பிரிஸ்பேன் என்று கண்டத்தின் பாதியைச் சுற்றி வர வேண்டும். பெர்த்திலிருந்து கிழக்கு மாநிலங்களுக்கு ரயில் பாதை அப்போது இல்லை, 1917இல்தான் முடிந்தது. எனவே அடிலெய்டுக்கும் கப்பல்தான். மெல்போர்னிலிருந்து சிட்னிக்கு ரயிலில் போனாலும் ஆல்பரியில் இறங்கி வேறு வண்டி ஏற வேண்டும். விக்டோரியா மாநிலத்தின் தண்டவாள அகலம் வேறு, நியூ சவுத் வேல்ஸின் அகலம் வேறு. பிரிஸ்பேனுக்குப் போகும் வழியிலும் எல்லையில் அதே கதை. கூட்டாட்சியாகி 13 ஆண்டுகளே ஆன நாடு தன் ஒற்றுமையை உலகுக்குக் காட்ட விருந்தினரை அழைத்து, அவர்களைப் பெட்டி படுக்கையோடு வண்டி மாற வைத்தது.

கப்பல்கள் ஆஸ்திரேலியக் கரையோரம் வந்துகொண்டிருந்தபோது, ஆகஸ்ட் 4 அன்று, பிரிட்டன் ஜெர்மனி மீது போர் அறிவித்தது. விருந்தினரில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள்: புவியியலாளர் ஆல்பிரெக்ட் பென்க், மானிடவியலாளர்கள் ஃபெலிக்ஸ் ஃபான் லூஷான், ஃப்ரிட்ஸ் கிரேப்னர், இயற்பியலாளர் பீட்டர் பிரிங்ஸ்ஹைம். கூட்டம் ரத்தாகவில்லை. தலைவர் பேட்ஸன் மரபியல் பற்றிய தம் உரையின் ஒரு பாதியை மெல்போர்னிலும் மறுபாதியைச் சிட்னியிலும் ஆற்றினார். ரதர்ஃபோர்டும் இளைஞர் மோஸ்லியும் அணுவின் அமைப்பை விவாதித்தார்கள். ஆனால் விருந்தினர் என்ற தகுதிக்கு ஆயுள் குறைவு. பென்க் திரும்பும் வழியில் லண்டனில் தடுத்து வைக்கப்பட்டார். கிரேப்னரும் பிரிங்ஸ்ஹைமும் போர் முடியும்வரை ஆஸ்திரேலிய முகாம்களில் கிடந்தார்கள். அரசு கொடுத்த சீட்டில் வந்தவர்களை அதே அரசு பூட்டி வைத்தது. மோஸ்லி அவசரமாக ஊர் திரும்பிப் படையில் சேர்ந்து, 1915 ஆகஸ்ட் 10 அன்று கல்லிபோலியில் 27 வயதில் உயிரிழந்தார்.

இன்னொருவரின் கதை வேறு. ப்ரானிஸ்லாவ் மலினோவ்ஸ்கி ஆஸ்திரியக் குடிமகன். கையில் பணமில்லாத ஆய்வாளர். மானிடவியல் பிரிவைக் கவனித்துவந்த மாரெட் அவரைத் தம் செயலாளராகச் சேர்த்துக்கொண்டதால் அரசுச் செலவில் பயணம் கிடைத்தது. கரையிறங்கிய சில நாட்களில் அவர் எதிரி நாட்டவர் ஆனார். அவரைத் தீவில் சிறை வைத்தார்கள் என்று வகுப்பறைகளில் சொல்லப்படும் கதை தவறு. ஆஸ்திரேலிய அதிகாரிகள் அவர் பப்புவா போக அனுமதித்தார்கள், உதவியும் செய்தார்கள். ஐரோப்பாவுக்குத் திரும்ப வழியில்லாத அந்த ஆண்டுகளில் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் அவர் தங்கிச் செய்த வேலை 1922இல் நூலாக வந்து, களப்பணி என்றால் என்ன என்பதையே மாற்றியது. அவர் எப்படியும் போயிருப்பார், உதவித்தொகையும் வேறு இடத்திலிருந்து கிடைத்திருந்தது என்று ஒருவர் வாதாடலாம். உண்மை, பப்புவா ஆய்வு முன்பே திட்டமிட்டதுதான். ஆனால் அந்த ஆகஸ்டில், அந்தக் கரையில் அவர் நின்றது மாநாட்டுச் சீட்டினால். ஆறு மாதம் தள்ளியிருந்தால் ஆஸ்திரியக் குடிமகனுக்குப் பிரிட்டிஷ் கப்பலில் இடமே கிடைத்திருக்காது.

உள்ளூராருக்கு இந்தத் தாராளம் எட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பழங்குடி மக்களிடையே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து குறிப்பெடுத்த டெய்சி பேட்ஸ், நல்லார்பர் சமவெளியின் தென் விளிம்பை ஒட்டக வண்டியில் கடந்து அந்தக் கூட்டங்களுக்கு வந்து சேர்ந்தார். அவர் யாரைப் பற்றிப் பேசினாரோ அந்த மக்களுக்கு மேடையில் இடம் இருக்கவில்லை. சர்வதேசம் என்ற பெயரில் நடந்தவை பேரரசுக்குள் நடந்த உறவினர் விருந்துகளே என்ற குற்றச்சாட்டை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அந்தக் குற்றச்சாட்டே என் வாதத்துக்குச் சான்று. அறிவு எல்லாருக்கும் பொது என்று தலைமையுரை முழங்கும். எவருக்குப் பொது என்பதைச் சீட்டுப் பட்டியல் சொல்லிவிடும்.

பட்டியலில் இடமில்லாதவர்கள் சொந்தப் பட்டியல் போடத் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் சங்கத்தை முன்மாதிரியாகக் கொண்டு, சென்னை மாநிலக் கல்லூரியின் சைமன்சனும் லக்னோவின் மக்மேகனும் எடுத்த முயற்சியால் இந்திய அறிவியல் காங்கிரஸ் 1914 ஜனவரியில் கல்கத்தாவில் கூடியது. அடுத்த ஆண்டு சென்னையில். தொடங்கிவைத்த இருவரும் ஆங்கிலேயர்களே என்றாலும் முதல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றவர் ஆசுதோஷ் முகர்ஜி. அவருடைய கல்கத்தா பல்கலைக்கழகம்தான் 1921இல் பேரரசுப் பல்கலைக்கழகங்களின் மாநாட்டுக்குத் தன் பிரதிநிதியாகச் சி. வி. ராமனை ஆக்ஸ்ஃபோர்டு அனுப்பியது. அவருடைய முதல் ஐரோப்பியப் பயணம் அது. அந்த மாநாட்டில் என்ன பேசினார்கள் என்பதை இன்று யாரும் தேடுவதில்லை. திரும்பி வரும்போது நர்குண்டா கப்பலின் தளத்தில் நின்று, சட்டைப்பையில் இருந்த நிக்கோல் பட்டகத்தைக் கண்ணில் வைத்து மத்தியதரைக் கடலைப் பார்த்தார் ராமன். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதான் என்பது ரேலி பிரபுவின் கருத்து. 1884இல் மான்ட்ரியாலில் தலைமையுரை ஆற்றிய அதே ரேலி. பட்டகத்தால் பிரதிபலிப்பை விலக்கிப் பார்த்தும் நீலம் போகவில்லை. கப்பல் பம்பாய்த் துறைமுகத்தில் நின்றபோதே ‘நேச்சர்’ இதழுக்குக் கடிதம் எழுதிவிட்டார். அங்கே தொடங்கிய ஒளிச்சிதறல் ஆய்வு 1928 பிப்ரவரியில் ராமன் விளைவில் வந்து நின்றது. சீட்டுக்குப் பணம் கொடுத்த பல்கலைக்கழகம் தன் பிரதிநிதியிடம் எதிர்பார்த்தது மாநாட்டில் ஒரு நாற்காலியை நிரப்புவதை மட்டுமே.