பால் குடிக்காத பாம்பின் வம்சாவளி

வட அமெரிக்காவில் ஒரு பாம்புக்கு 'மில்க் ஸ்நேக்' என்று பெயர். பால்பாம்பு. கொட்டகைக்குள் புகுந்து மாட்டின் மடியில் பால் குடிக்கும் என்று அங்குள்ள குடியானவர்கள் நம்பியதால் வந்த பெயர். நம்மூர்ல சாரைப்பாம்பு பசுவோட பின்னங்காலைச் சுத்திக்கிட்டுப் பால் குடிக்கும்னு சொல்றதில்லையா, அதே கதைதான். பாம்பின் வாய் மடியைச் சப்புவதற்கு ஆனதல்ல. அது கொட்டகைக்கு வந்தது எலிக்காக. ஆனால் கறவை குறைந்தால் யாரையாவது திருடனாக்கியாக வேண்டும். உடைமைச் சொல்லாடல் அப்படித்தான் இயங்கும். எலியைத் தின்று தானியத்தைக் காத்த பாம்புக்குக் கிடைத்த கூலி மண்வெட்டி அடி.

இந்தத் 'திருடன்' எப்படிச் சரக்காக மாறியது என்பதே என் கேள்வி.

1953-இல் வட கரோலினாவில் கருநிறமி இல்லாத ஒரு சோளப்பாம்பு பிடிபட்டது. பெர்னார்ட் பெக்டெல் என்கிற தோல் மருத்துவர் (தோல் மருத்துவர் என்பதைக் கவனிக்க!) அந்த வெளிறிய நிறம் ஒடுங்குபண்பாகப் பரம்பரையில் இறங்குகிறது என்பதை வளர்ப்புப் பாம்புகளை இணைசேர்த்து நிறுவி, தன் மனைவியோடு சேர்ந்து 1962-இல் கட்டுரை எழுதினார். பாம்பு வளர்ப்பு ஒரு கணக்குப் புத்தகமாக ஆவதற்கான வழி அங்கே திறந்தது. பின்னால் பால்பாம்பும் அந்தப் புத்தகத்தில் ஏறியது.

பிளாஸ்டிக் பெட்டிகளை அடுக்கு அடுக்காக அலமாரியில் செருகி வைக்கிறார்கள். பெட்டிக்கு ஒன்றுதான், இரண்டை விட்டால் ஒன்றையொன்று விழுங்கிவிடும். குளிர்காலத்தில் இரண்டு மூன்று மாதம் குளிரில் உறங்க வைத்து, பிறகு இணைசேர்க்கிறார்கள். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் முட்டை பொரிகிறது. குஞ்சுகளில் சில பல்லியைத்தான் தேடும். எலிக்குஞ்சின் மேல் பல்லி வாசனையைத் தடவி ஏமாற்றித் தின்ன வைக்கிறார்கள். எலி பிடிக்க வந்த பாம்புக்காக இப்போது எலியைத் தனியே வளர்த்து, கொன்று, உறைய வைத்து விற்கிறார்கள்.

ஹோண்டுரன் பால்பாம்பின் சிவப்பு, கருப்பு, வெளிர் மஞ்சள் பட்டைகள் விஷமுள்ள பவளப்பாம்பைப் போலத் தோற்றம் காட்டுபவை. விஷமில்லாத ஜீவனின் ஒரே ஆயுதம் அந்தப் பட்டை. வளர்ப்பவர்கள் மஞ்சளை ஆரஞ்சாக்கி 'டேஞ்சரின்' என்றார்கள், கருப்பை எடுத்து 'அல்பினோ' என்றார்கள், சிவப்பையும் சேர்த்து எடுத்து 'ஸ்நோ' என்றார்கள். ஆயுதம் அலங்காரமாயிற்று.

எனக்கு இதைவிட உறுத்துவது 'ஹெட்' என்ற சொல். ஒடுங்குபண்பை மறைவாகச் சுமக்கும் பாம்பு 'ஹெட்'. இரண்டு ஹெட் பாம்புகளைச் சேர்த்தால் சராசரியாக நான்கு குஞ்சுகளில் ஒன்று வெளிறியதாக வரும். மீதி மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அதில் இரண்டு சுமப்பவை, ஒன்று இல்லை. எது எது என்று தெரியாது. ஆகவே மூன்றையும் '66 சதவீத ஹெட்' என்று விற்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத பரம்பரைக்கு விலை! முகத்தைப் பார்த்தால் தெரியாது, பூர்வீகத்தை விசாரிக்கணும் என்கிற இந்தக் கணக்கு நம்ம ஆளுங்களுக்கு ஒண்ணும் புதுசில்லை. அப்பனை மகளோடும் அண்ணனைத் தங்கையோடும் சேர்ப்பது அங்கே சாதாரண உத்தி. 'ரத்த வழி', 'சுத்தம்', 'கலப்பு' எல்லாம் அங்கே அன்றாடப் பேச்சு. பாம்பைப் பற்றிய பேச்சுதானே என்று ஒதுக்க முடியவில்லை. 1903-இல் தொடங்கிய அமெரிக்க இனவிருத்தியாளர் சங்கம் பயிரையும் மாட்டையும் பேசிக்கொண்டிருந்துவிட்டு, 1906-இல் மனிதர்களுக்கான இனமேம்பாட்டுக் குழுவையும் அமைத்தது.

இதில் வேடிக்கை, 'சுத்த ஹோண்டுரன்' என்பதன் கதி. கென்னத் வில்லியம்ஸ் 1978-இல் அதைத் தனித் துணையினமாக விவரித்தார். 2014-இல் மரபணு ஆய்வாளர்கள் பால்பாம்பை ஏழு இனங்களாகப் பிரித்தபோது ஹோண்டுரனுக்குத் தனி இடம் மிஞ்சவில்லை. அந்தப் பிரிவினையே மிகை என்று 2020-இல் வேறு சிலர் மறுத்தார்கள். சந்தைக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. வகைப்பாட்டில் ஆட்டம் கண்ட பெயர் விலைச்சீட்டில் உறுதியாக நிற்கிறது.

பெட்டியில் வளர்ப்பதால் காட்டில் பிடிப்பது குறைகிறது என்கிறார்கள் வளர்ப்பவர்கள். அதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பெட்டிகள் திறந்துகொள்ளும். பால்பாம்பின் பேரினத்தையே சேர்ந்த கலிபோர்னியா கிங்ஸ்நேக், செல்லமாகக் கொண்டுபோகப்பட்டு, கானரித் தீவுகளில் ஒன்றான கிரான் கனேரியாவில் தப்பிப் பெருகிவிட்டது. அது பரவிய இடங்களில் அந்தத் தீவுக்கே உரிய ராட்சதப் பல்லி அநேகமாக இல்லாமல் போய்விட்டதை 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே பிடிபடுபவற்றில் அல்பினோக்களும் உண்டு. பெரும்பாலும் மண்ணுக்கடியிலேயே கிடப்பதால் பொறி வைத்தும் அவற்றைப் பிடித்து முடிக்க முடியவில்லை.