வெள்ளிக்கிழமைகளில் பிறந்த ராமாயணம்

முதல் பாட்டு எழுதிய தாள் ஒலிப்பதிவு நாளன்று காணாமல் போயிற்று என்பது புனே வானொலியில் இன்றும் சொல்லப்படும் கதை. கவிஞர் எழுதிக் கொடுத்துவிட்டார், இசையமைப்பாளர் வாங்கி வைத்துக்கொண்டார், கேட்டால் தாள் இல்லை. இன்னொரு முறை எழுத முடியாது என்று கவிஞர் கோபமாக மறுத்தார். நிலையத்தின் பொறுப்பில் இருந்த சீதாகாந்த் லாட் அவருக்கு நெருங்கிய நண்பர். காகிதமும் பேனாவும் கொடுத்து அவரை ஓர் அறைக்குள் விட்டு வெளியே தாழ் போட்டாராம். கால் மணி நேரத்தில், நினைவில் இருந்ததையெல்லாம் எழுதி முடித்துக் கதவைத் தட்டினார் கவிஞர். மராத்தியில் வானொலிக்காகவே பிறந்த 'கீத ராமாயண'த்தின் முதல் பாட்டு இப்படி வந்தது.

கவிஞர் கஜானன் திகம்பர் மாட்கூள்கர். மராத்திக்காரர்களுக்கு அவர் 'க.தி.மா.'. இசை சுதீர் பட்கே. இருவரும் 1919இல் பிறந்தவர்கள், சினிமாவில் பெயர் எடுத்தவர்கள். சாந்தாராமின் 'தோ ஆங்கேன் பாரா ஹாத்' படத்தின் கதையை எழுதியவர் மாட்கூள்கர். 'பாபி கி சூடியான்' படத்தில் லதா பாடும் விடியற்காலைப் பாட்டை இலங்கை வானொலியில் கேட்டு உருகியவர்கள் நம்மிடையே உண்டு. அதற்கு மெட்டுப் போட்டவர் பட்கே. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ராமச்சந்திரன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

புனே நிலையம் 1953 அக்டோபர் 2இல்தான் தொடங்கியது. மத்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடம் கொடுக்க மறுத்த காலம் அது. நேயர்கள் இலங்கை வானொலிப் பக்கம் முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த வெற்றிடத்தில் மெல்லிசைக்கென்று ஒரு பாதை போட வேண்டிய கட்டாயம் ஒவ்வொரு நிலையத்துக்கும் இருந்தது. புது நிலையத்துக்கு ஏதாவது செய்து கொடு என்று லாட் நண்பரைக் கேட்டார். நண்பர் ராமாயணத்தையே பாட்டாகத் தருவதாகச் சொன்னார்.

வாரம் ஒரு பாட்டு, ராம நவமியில் தொடங்கி மறு ராம நவமியில் முடிப்பது என்று ஏற்பாடு. 1955 ஏப்ரல் 1 ராம நவமி, வெள்ளிக்கிழமை. ஓர் ஆண்டுக்கு 52 பாட்டு என்பது முதல் கணக்கு. அந்த ஆண்டில் சந்திர பஞ்சாங்கப்படி ஓர் அதிக மாசம் வந்து சேர்ந்தது. அதனால் அடுத்த ராம நவமி 1956 ஏப்ரல் 19க்குத் தள்ளிப் போனது. பாட்டுகளும் 56 ஆயின. ஒரு காவியத்தின் அளவைப் பஞ்சாங்கம் நிர்ணயித்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முன்னால் பாட்டு வரும். சனி, ஞாயிறுகளில் மறு ஒலிபரப்பு. வானொலிப் பெட்டிக்கு மாலை போட்டு, ஊதுவத்தி ஏற்றி வைத்து வீட்டோடு உட்கார்ந்து கேட்டார்கள். தெருவில் நடந்து போனாலே முழுப் பாட்டையும் கேட்டுவிடலாம் என்று அந்தக் காலத்தவர் சொல்வார்கள். பத்திரிகைகள் வாராவாரம் பாட்டின் வரிகளை அச்சிட்டன.

மெட்டுக்கும் வடிவுக்கும் வானொலி செய்த உபகாரம் பெரியது. அன்றைய 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்றரை நிமிடம் அடங்கினால் பெரிது. பல்லவி, இரண்டு சரணம், தீர்ந்தது. வானொலியில் கால் மணி நேரம் கிடைத்தது. ஒரே மெட்டில் சரணத்துக்கு மேல் சரணமாக ஒரு பாத்திரம் தன் மனசைக் கொட்டித் தீர்க்க இடம் இருந்தது. தொடக்கப் பாட்டு பூப் ராகம், நம் மோகனம். தாயைப் பார்த்துப் பரதன் சீறும் பாட்டு அடானா. பாடியவர் வசந்தராவ் தேஷ்பாண்டே. காட்டில் விடப்பட்ட சீதை இலக்குவனிடம் பேசுவது ஜோகியா, நம் சாவேரிக்கு நெருங்கிய உறவு. பாடியது லதா மங்கேஷ்கர். மாணிக் வர்மா, மாலதி பாண்டே, லலிதா பட்கே என்று நீளும் பாடகர் வரிசையில் ஜானகி ஐயர் என்றொரு பெயரும் உண்டு. ராமன் பேசும் இடமெல்லாம் சுதீர் பட்கேயின் குரல்.

நான் சிறுவயதில் கேட்டது இந்த வடிவம் அல்ல. புனேயில் ராஸ்தா பேட் தமிழர்கள் நிறைய வாழ்ந்த பகுதி. விடுமுறைக்குச் சித்தி வீட்டுக்குப் போனால் பக்கத்து வீட்டு மராத்திப் பாட்டி கேசட் போடுவார். 56 பாட்டையும் பட்கே ஒருவரே பாடிய எச்.எம்.வி. வெளியீடு அது. மராத்தி பாதி புரியும், பாதி புரியாது. சித்ரகூடத்தில் ராமன் பரதனைத் தேற்றும் பாட்டு மட்டும் மனப்பாடம் ஆகிவிட்டது. யமன் கல்யாண் ராகம், நம் யமுனா கல்யாணி. பிறகு வேலை, ஊர் மாற்றம் என்று பல வருடம் அதை நான் தேடவே இல்லை. புனேக்கே வேலையாகத் திரும்பி வந்த பிறகு நண்பர் ஒருவர் பழைய வானொலிப் பதிவைக் கேட்கக் கொடுத்தார். பரதனை ஒருவர் பாடுகிறார், சீதையை ஒருவர் பாடுகிறார். எனக்குத் தெரிந்த பாட்டுகளே வேறு மனிதர்களாக எழுந்து நின்றன.

ஒரே படைப்பு இரண்டு முறை பிறந்திருக்கிறது என்பது அப்போதுதான் பட்டது. இரண்டு பிறப்பையும் தமிழர்கள் நாம் நன்றாகவே அறிவோம். வானொலியில் பிறந்தது நாடகம். 18ஆம் நூற்றாண்டில் சீர்காழி அருணாசலக் கவிராயர் 'இராம நாடக'த்தில் செய்ததும் இதுதான்: ஒவ்வொரு பாத்திரமும் தன் வாயால் பாடும், கவி ஒருவர், இசை அமைத்தவர்கள் வேறு. அந்தப் பழைய மெட்டுகள் மறைந்து, அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் புதிதாக அமைத்த மெட்டுகளில்தான் பல பாட்டுகள் நம் மேடைக்கு மீண்டும் வந்தன. பட்கே ஒருவரே பாடிய வெளியீட்டில் பிறந்ததோ கதாகாலட்சேபம். ஒரே ஆள் தசரதனாகி அழுவார், கைகேயியாகிக் கேட்பார், குகனாகி ஓடம் விடுவார். நம் கதாகாலட்சேபமே தஞ்சை மராத்தியர் காலத்தில் வந்த மராத்திக் கீர்த்தனையைப் பார்த்துத் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் போன்றவர்கள் வளர்த்தெடுத்ததுதான். ராஸ்தா பேட் கேசட் எனக்கு அவ்வளவு சொந்தமாகத் தோன்றியதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். எது உயர்ந்தது என்று கேட்டால், தாயைச் சீறும் பரதனுக்கு தேஷ்பாண்டேயின் குரல்தான் வேண்டும் என்பேன். ஆனால் சித்ரகூடத்துப் பாட்டு இரண்டிலும் பட்கேதான், அதில் வழக்கே இல்லை.

அந்தப் பாட்டில், கடலில் இரண்டு மரக்கட்டைகள் சந்திக்கும், ஓர் அலை பிரித்துவிடும் என்று ஓர் உவமை வரும். வேர் வால்மீகியில் இருக்கிறது. சிறுவயதில் அது என் காதில் ஏறவே இல்லை. இப்போது கேட்கும்போது, கணியன் பூங்குன்றனார் ஆற்றோடு போகும் புணையைக் காட்டியது பக்கத்தில் வந்து நிற்கிறது. ஒருவர் நீரின் வழியைப் பார்க்கிறார், இன்னொருவர் பிரிவைப் பார்க்கிறார். அழுகிற தம்பியைப் பார்த்துச் சொல்வதால் மாட்கூள்கரின் கட்டைகள் அதிகம் கனக்கின்றன. பட்கே குரலை உயர்த்தாமல், சரணத்துக்குச் சரணம் அதே நிதானத்தில் பாடிக்கொண்டு போகிறார். தேற்றுகிறவன் உடைந்துவிடக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

1957இல் பாட்டுகள் புத்தகமாக வந்தன. பட்கே அவற்றை மேடை மேடையாகப் பாடினார். இந்தியிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் வடமொழியிலும், மூல மெட்டு கெடாமல் பாடும்படி மொழிபெயர்ப்புகள் வந்தன. மாட்கூள்கர் 1977இல் காலமானார். 1979இல் புனே ரமண்பாக் பள்ளி மைதானத்தில் எட்டு நாள் வெள்ளிவிழா நடந்தபோது அவர் இல்லை. பட்கே 2002 வரை இருந்தார்.

இன்று 56 பாட்டையும் ஒரே நாளில் கேட்டுவிட முடியும். அப்படிக் கேட்கக் கூடாதென்று வைத்திருக்கிறேன். ஒரு வாரம் முழுக்க ஒரு பாட்டோடு இருப்பதற்காகச் செய்யப்பட்டவை இவை. வெள்ளிக்கிழமை காலை ஒன்று, சனி, ஞாயிறு அதே பாட்டு. இப்போது அனுமன் அசோக வனத்தில் சீதையைக் கண்டுவிட்டான். வானரங்கள் கூடிப் பாடிக்கொண்டே அணை கட்டும் பாட்டுக்கு இன்னும் சில வெள்ளிக்கிழமைகள் இருக்கின்றன.