ஊர்க்கணக்கும் உயர்கல்வியும்

சென்னைச் சர்வகலாசாலைப் பொருளாதாரத் துறையின் பெருமைகளுள் என் சிந்தையில் முதலிடம் பெற்ற ஊராய்வு மரபை மட்டும் ஈண்டு உரைக்கத் துணிகிறேன்.

நாட்டை ஆளக் கருதுவோன் ஊரை எண்ணியறிய வேண்டும் என்பது முன்னோர் கண்ட நெறி. கௌடிலியர் தம் அர்த்தசாஸ்திரத்தில், ஐந்து அல்லது பத்துக் கிராமங்களுக்குக் கோபன் என்னும் அதிகாரியை நியமித்து, எல்லையும் விளைநிலமும் தரிசும் தோப்பும் மட்டுமன்றி, குடிகளின் தொழில், வரவு, செலவு, கால்நடை ஆகியவற்றையும் அவன் கணக்கில் ஏற்ற வேண்டுமென விதிக்கிறார். தஞ்சைப் பெரிய கோயிற் சாசனங்களோ நிலத்தை நுண்ணிய பின்னங்கள் வரை அளந்து காட்டுகின்றன. ஆயினும் அக்கணக்குகள் பெரும்பாலும் இறைக்கும் காணிக்கும் உரியவை. பொருளை உண்டாக்கித் திரட்டிப் பேணுவதோடு நில்லாமல், அதனை முறையாகப் பங்கிடுவதையும் அரசின் ஆற்றலாக இறைமாட்சி அதிகாரத்தில் வைத்தவர் வள்ளுவப் பெருந்தகையே. பங்கீடு எவ்வாறுள்ளது என்றறிய எண்ணுவதே சமூக ஆராய்ச்சியின் தர்மம்.

அத்தர்மத்தைச் சென்னைச் சர்வகலாசாலைப் பொருளாதாரத் துறையில் நாட்டியவர், ஆக்ஸ்ஃபோர்டு ரஸ்கின் கல்லூரியின் முதல்வராயிருந்து, 1915இல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் சிலேட்டர். நூலறிவு ஊட்டுவதோடு அமையாமல், மாணாக்கர் கையில் வினாப்பட்டியலைக் கொடுத்துக் கிராமங்களை ஆராயச் செய்தார். நிலவுடைமையும் குத்தகையும் கூலியும் கடனும் அவர்களுக்குப் பாடமாயின. இருவேல்பட்டு, தூசி, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி முதலிய ஊர்களின் நிலை 1918இல் நூலாயிற்று. பயிற்சியும் ஆராய்ச்சியும் அங்கே ஒரே கர்மமாய் இருந்தன.

அதனினும் விசேஷம், ஏறத்தாழ இருபதாண்டு கழித்துப் பேராசிரியர் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அவ்வூர்களுக்கே மீண்டும் மாணாக்கரை அனுப்பி, 1940இல் மறு ஆய்வு நூலை வெளியிட்டமை. இடையில் விளைபொருள் விலை வீழ்ந்து உழவர் கடன்சுமை ஏறிய கொடுங்காலம் கடந்திருந்தது. ஒருமுறை எண்ணினால் ஊரின் நிலை புலப்படும். மறுமுறை எண்ணினாலன்றோ அதன் போக்கு புலப்படும்! பிற்காலத்தில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்து எஸ். குகன் போன்றோரும் இந்நெறியைப் போற்றினர்.

ஆகவே இளம் ஆய்வாளர்களே, அறையில் அமர்ந்து பிறர் தந்த எண்களைக் கூட்டிக் கழிப்பதோடு திருப்தியுறாதீர்; ஊருக்குச் செல்லுங்கள், சென்ற ஊருக்கே மீண்டும் செல்லுங்கள். கோபன் எழுதிய கணக்கு மன்னனைச் சேர்ந்தது. நீங்கள் எழுதுவது, கேட்ட வினாக்களுக்கெல்லாம் பொறுமையோடு விடையளித்த குடிகளைச் சேர்வதாகுக. அவர்கள் படித்துத் திருத்தத்தக்க தமிழில் அதனை எழுதி அவர்கள்முன் வையுங்கள்.