பால் செரித்த வரலாறு

வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களுமே நம் நினைவுக்கு வருகின்றனர். மண்ணோட்டிலும் எலும்பிலும் பொதிந்துள்ள வரலாறும் உண்டு. மனிதன் பால் பருகக் கற்ற வரலாறு அத்தகையது.

தாய்ப்பாலிலும் பசும்பாலிலும் லாக்டோஸ் என்னும் சர்க்கரை உள்ளது. சிறுகுடலில் உள்ள லாக்டேஸ் என்னும் நொதி அதனைப் பிரித்த பின்னரே உடல் அதனை ஏற்கும். பால்குடி மறந்த பின் பாலூட்டிகளிடம் இந்நொதி குறைந்துவிடுகிறது. வளர்ந்த மனிதருள்ளும் ஏறத்தாழ மூவரில் இருவருக்கு இதுவே நிலை. அவர்கள் மிகுதியாகப் பால் பருகினால் வயிற்றுப்பொருமலும் பேதியும் உண்டாகலாம். இது நோயன்று, மனித இனத்தின் பழைய இயல்பேயாகும்.

அங்ஙனமாயின், கால்நடை வளர்த்த முன்னோர் பாலை என் செய்தனர்? போலந்து நாட்டின் குயாவியாப் பகுதியில், ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட, துளைகள் நிறைந்த மட்கல ஓடுகள் கிடைத்துள்ளன. அவற்றில் பாற்கொழுப்பு படிந்திருந்ததை 2012-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் மெய்ப்பித்தனர். அவை பாலாடைக்கட்டி வடித்த கலங்கள். திரிந்த பாலை வடித்தால் சர்க்கரையின் பெரும்பகுதி நீரோடு நீங்கும். தயிராக்கினால் நுண்ணுயிர்கள் அதில் ஒரு பகுதியை உண்டுவிடும். உடலால் இயலாததைக் கைத்திறன் செய்து முடித்தது.

பின்னரே உடல் மாறிற்று. லாக்டேஸ் மரபணுவின் அருகே ஓரெழுத்து மாறியிருத்தலே முதுமை வரை பால் செரிப்பதற்குக் காரணம் என்பதைப் பின்லாந்து அறிஞர்கள் 2002-இல் ஐரோப்பியரிடம் கண்டனர். ஆனால், பண்டை ஐரோப்பிய உழவர் சிலரின் எலும்புகளை 2007-இல் ஆராய்ந்தபோது அம்மாற்றம் காணப்படவில்லை. அதே ஆண்டில், கென்யா, தான்சானியா, சூடான் நாட்டு மக்களிடம் இதே பயனைத் தரும் வேறு மாற்றங்கள் தனியே தோன்றியிருத்தல் தெரியவந்தது. இந்தியரிடம் பெரிதும் காணப்படுவதோ ஐரோப்பியரிடம் உள்ள அதே மாற்றம்.

அது பரவியது எங்ஙனம்? 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வு தரும் விளக்கம் நம் நெஞ்சை உருக்குவது. நல்ல காலத்தில் பால் செரியாமை சிறு துன்பமே. பஞ்சத்தாலும் கொள்ளைநோயாலும் மெலிந்தவனுக்கோ அப்பேதியே எமனாயிற்று. செரிக்க வல்லவர் பிழைத்தனர். அவர்தம் மக்கள் பெருகினர்.

ஆதலின், பால் ஒவ்வாத தோழனைக் கண்டு நகையாதீர்கள். அவனிடம் இருப்பது நம் அனைவரின் மூதாதையர்க்கும் பொதுவாயிருந்த இயல்பு. பால் செரிக்கும் வயிறு நமக்கு வாய்த்திருப்பின், அது நம் பெருமையன்று. பண்டைப் பஞ்சங்களில் மடியாது எஞ்சியவர் விட்டுச்சென்ற உடைமை.