ஆட்டமில்லாத மாதங்கள்



பால்மரம் இலை உதிர்க்கும் காலத்தை நீங்கள் அறிவீர்கள். பால் குறையும். மரம் சும்மா நிற்பதுபோல் தோன்றும். ஆனால் உள்ளே அடுத்த தளிருக்கான வேலை நடந்துகொண்டிருக்கும். விளையாட்டு வீரருக்கும் அப்படி ஒரு காலம் உண்டு. ஒரு போட்டிப் பருவம் முடிந்து, அடுத்தது தொடங்காத மாதங்கள் அவை.

கூடைப்பந்தாட்டமே அத்தகைய மாதங்களுக்காகப் பிறந்ததுதான். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் கிறிஸ்துவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிக் கல்லூரி இருந்தது. இலையுதிர் காலத்தில் மாணவர்கள் அமெரிக்கக் கால்பந்தும் வசந்தத்தில் பேஸ்பாலும் ஆடுவார்கள். நடுவில் வெளியே பனி. கூடத்துக்குள் ஒரே விதமான உடற்பயிற்சி செய்து சலித்துப் போனார்கள். அவர்களுக்காக 1891 டிசம்பரில் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இரண்டு பழக்கூடைகளைப் பத்து அடி உயரத்தில் மாட்டி, 13 விதிகளை எழுதினார். பக்கத்துக்கு ஒன்பது பேராக 18 மாணவர்கள் ஆடினார்கள்.

அந்த ஆட்டம் கடல் கடந்து சிங்கப்பூருக்கும் வந்தது. சீனப் பள்ளிகளும் சங்கங்களும் அதை வளர்த்தன. 1956இல் மெல்பர்ன் ஒலிம்பிக்கில் சிங்கப்பூரின் கூடைப்பந்துக் குழு 15 நாடுகளுள் 13ஆவது இடம் பெற்றது. ஒலிம்பிக் கூடைப்பந்தில் சிங்கப்பூர் கலந்துகொண்டது அந்த ஒருமுறைதான்.

சிங்கப்பூரில் பனிக்காலம் கிடையாது; ஆனால் போட்டியில்லாத மாதங்கள் அங்கும் உண்டு. அவற்றைப் பயன்படுத்துவோர்க்குத் திடலும் இருந்தது. சிராங்கூன் சாலையை அடுத்த ஃபேரர் பார்க், 1933 வரை குதிரைப் பந்தயத் திடல். பின்னர் அது பலரும் விளையாடும் இடமாயிற்று.

இனி நம்மவர் ஒருவரைப் பார்ப்போம். சி. குணாளன் கால்பந்து ஆடியவர். 1963இல் பயிற்சியாளர் டான் எங் யூன் அவருடைய வேகத்தைக் கண்டு ஓட்டத்துக்கு அழைத்தார். ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே குணாளன் பயிற்சி செய்தார். 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப்பதக்கம் வென்றார். மயிரிழையில் அவரை முந்தித் தங்கம் வென்றவர் மலேசியாவின் ஜெகதீசன். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் குணாளன் 10.38 வினாடியில் ஓடிய தேசியச் சாதனை, 2001இல் ஷியாம் 10.37 வினாடியில் ஓடும்வரை 33 ஆண்டுகள் நிலைத்தது. பத்து வினாடி ஓட்டத்துக்குப் பின்னால் எத்தனை ஆண்டுப் பயிற்சி!

கூடைப்பந்துக் குழுவுக்கும் இதே பாடந்தான். போட்டிப் பருவம் முடிந்ததும் முதலில் ஓய்வு. காயம் ஆற வேண்டும். பிறகு ஓட்டமும் குதிப்பும் கால்களை உறுதியாக்கும். அதன்பின் பழகாத கையால் பந்தைத் தட்டிச் செல்வதையும், கூடையில் எறிவதையும் பழக வேண்டும். போட்டி நாட்களில் வெற்றி தோல்விக் கவலையால் பழைய குறையைத் திருத்த நேரம் இராது. திருத்துவதற்கு ஏற்ற காலம் இதுவே.

தாய்மார்களே, தந்தைமார்களே! போட்டி முடிந்த பின்னும் உங்கள் பிள்ளை மாலையில் திடலுக்குப் போனால், "இனி எதற்கு?" என்று தடுக்காதீர்கள். பாடம் முடித்து அரைமணி நேரம் கயிறு தாண்டட்டும். அதற்குப் பெருஞ்செலவும் இல்லை. கைதட்ட ஆளில்லாத அந்த மாலைகளில்தான் நாளைய ஆட்டக்காரர் வளர்கிறார்.