சலேத் அன்னையும் மலைமக்கள் மன்றாட்டும்

பழனி மலைத்தொடரில் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் அமைந்த கொடைக்கானலைச் சுற்றுலா வருவோர் ஏரியால் அறிவர். வானியல் அறிஞர் 1899இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வுக்கூடத்தால் அறிவர். புலவர் பெருமக்களோ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சரிவெல்லாம் நீலம் போர்த்தும் குறிஞ்சியால் அறிவர். தமிழகக் கத்தோலிக்கர் அம்மலையை அறிவது அழுகின்ற ஒரு தாயால். சலேத் மாதா என்று அவர்கள் அழைக்கும் அன்னையின் சிற்றாலயம் 1866ஆம் ஆண்டளவில் இம்மலையில் எழுந்தது. எழுப்பியவர் மதுரை மிஷனைச் சேர்ந்த பிரெஞ்சு இயேசு சபைக் குரு லூயி சேன்சீர் அடிகள்.

அப்பெயர் தமிழ்ப் பெயரன்று. பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலையில் லா சலேத் என்னும் சிற்றூர் உள்ளது. 1846ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள், சனிக்கிழமை, அவ்வூருக்கு மேலுள்ள புல்வெளியில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த இரு பிள்ளைகள் ஒரு பெண்ணைக் கண்டதாகக் கூறினர். மெலானிக்கு வயது பதினான்கு, மாக்சிமினுக்குப் பதினொன்று. ஒளி சூழ்ந்த அப்பெண் ஒரு கல்லின்மேல் அமர்ந்து, இரு கைகளாலும் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தாள். அவள் மார்பில் தொங்கிய சிலுவையின் ஒருபுறம் சுத்தியலும் மறுபுறம் குறடும் இருந்தன. ஐந்தாண்டு விசாரணைக்குப் பின், 1851இல், கிரெனோபிள் ஆயர் அக்காட்சி நம்பத்தக்கதென அறிவித்தார். அதன்பின் பதினைந்து ஆண்டுகள் கழிவதற்குள் அவ்வன்னை கடல் கடந்து பழனி மலை ஏறிவிட்டாள் என்பது வியப்புக்குரியது. அந்நாளில் அம்மலைக்கு வண்டிப்பாதையும் இல்லை.

சலேத் நிகழ்ச்சியில் மொழியைப் பற்றிய ஒரு செய்தி உண்டு. இலக்கிய வட்டத்தார் கருதத்தக்கது அதுவே. அப்பெண் முதலில் பிரெஞ்சு மொழியில்தான் பேசினாள். மக்கள் செய்யும் பிழையையும், அதனால் வரும் பஞ்சத்தையும் கூறியவள், உருளைக்கிழங்கு அழுகிப்போவதைச் சொல்லத் தொடங்கினாள். பிரெஞ்சில் அக்கிழங்கின் பெயருக்கு ‘மண்ணின் ஆப்பிள்’ என்பது பொருள். மெலானிக்கு ஆப்பிள் தெரியும். மண்ணின் ஆப்பிள் தெரியாது. அவள் வீட்டில் அக்கிழங்குக்கு வேறு பெயர். அவள் விளங்காமல் மாக்சிமினைத் திரும்பிப் பார்த்தாள். அதைக் கண்ட அன்னை, பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு விளங்கவில்லை என்பதை உணர்ந்து, அந்த மலைச்சாதி மக்களின் பேச்சுமொழிக்கு மாறிப் பேசினாள் என்பது அப்பிள்ளைகள் இருவரும் மாறாமல் கூறிய சாட்சியம். நம்பிக்கை உடையோரும் இல்லாதோரும் ஒருபுறம் இருக்கட்டும். கல்வியுலகின் மொழியை விட்டுக் கேட்போரின் மொழிக்கு இறங்கி வந்த ஒரு சொற்பொழிவாக இதனைப் படிப்பதற்குப் புலவர்க்குத் தடையேதும் இல்லை.

கொடைக்கானலிலும் உருளைக்கிழங்கு விளைகிறது. பஞ்சத்தையும் கிழங்கழுகலையும் சொல்லி அழுத தாய், அதே கிழங்கைப் பயிரிடும் இன்னொரு மலையில் வந்து அமர்ந்தது தற்செயல்தான். எனினும் பொருத்தமான தற்செயல்.

பிரெஞ்சுக் குருக்கள் இம்மலைக்கு ஏன் வந்தனர் என்பதையும் சொல்ல வேண்டும். 1773இல் கலைக்கப்பட்டு 1814இல் மீண்டும் உயிர்பெற்ற இயேசு சபையிடம் பழைய மதுரை மிஷன் 1837இல் ஒப்படைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே குருக்கள் சமவெளியில் பணி தொடங்கினர். காலராவும் காய்ச்சலும் அவர்களுள் பலரை இளமையிலேயே கொண்டுபோயின. மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகளும் இதே துயரால் 1845இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியிருந்தனர். ஆக, இம்மலை முதலில் தொண்டு செய்யும் இடமாகத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. உயிர் பிழைக்கும் இடமாகவே தேர்ந்தெடுக்கப்பட்டது. பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பிலிருந்து நடந்தோ, குதிரையிலோ, ஆட்கள் சுமக்கும் நாற்காலியிலோ ஏறவேண்டியிருந்தது. மோட்டார் செல்லும் மலைப்பாதை 1914ஆம் ஆண்டளவில்தான் நிறைவுற்றது. நாற்காலியில் அமர்ந்து ஏறியவர்களின் பெயர்கள் நூல்களில் உள்ளன. சுமந்தவர்களின் பெயர்கள் இல்லை. ஓய்வுக்கு வந்த குருக்களைச் சுற்றி மெல்ல ஒரு சபை திரண்டது. கல் சுமக்கவும், சமைக்கவும், தோட்டம் பேணவும் சமவெளியிலிருந்து ஏறிவந்த குடும்பங்களே அச்சபையின் உயிராயின. 1895இல் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரி எழுந்தபின் மலையில் மணியோசை பெருகியது.

அச்சபைக்குப் பெயர் பங்கு. ஒரு குருவின் பொறுப்பிலுள்ள ஊர்த்தொகுதியைத் தமிழர் அவ்வாறே அழைத்தனர். 1914இல் மதுரை மிஷனின் வரலாற்றை பிரெஞ்சில் எழுதி வெளியிட்ட லெயோன் பெஸ் அடிகள், நூலின் தலைப்பிலேயே ‘பங்கு’ என்னும் தமிழ்ச் சொல்லைப் பிரெஞ்சுப் பன்மை விகுதியோடு சேர்த்து வைத்தார். தம் மொழியில் சொல் இல்லாமல் அல்ல. இச்சொல்லே அம்மக்களின் வாழ்வைச் சொல்லும் என்று கருதினார் போலும். பங்கு என்பது பாகம், உரிமை, பகிர்வு. ஆனால் அது எப்போதும் சரிபங்காக இருந்ததில்லை. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் சாதியார்க்குச் சாதி இடம்பிரித்துக் கோவிலுக்குள் நின்ற சுவரை 1910ஐ ஒட்டி இயேசு சபைக் குருக்கள் இடித்தபோது, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஒரே செபமாலையை உருட்டியவர்கள் ஒரே தரையில் முழந்தாளிட மறுத்த வரலாறு அது. தமிழ்க் கத்தோலிக்கப் பங்கு வாழ்வைப் புகழ்ந்து எழுதுவோர் இதனைத் தாண்டிச் செல்லுதல் நேர்மையன்று.

மலையில் குருக்கள் செய்த பூசை இலத்தீனில் நடந்தது. சேன்சீர் அடிகள் காலத்திலிருந்து ஏறத்தாழ நூறாண்டுகள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் நாள் வழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டு வழிதிறக்கும் வரை, பீடத்தின் மொழி அதுவே. மலைச் சிறுவரின் மொழிக்கு மாறிப் பேசிய அன்னையின் ஆலயத்திலேயே, மக்கள் அறியாத மொழியில் வழிபாடு நடந்தது என்பது ஒரு முரண். ஆனால் அந்நூறாண்டுகளும் மக்கள் வாய்மூடி நின்றனர் என்று எண்ணுவது தவறு. பீடத்தில் குரு இலத்தீனில் ஓத, கீழே உபதேசியார் தமிழில் தொடங்குவார், சனங்கள் தொடர்வர். ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை, மாதா பிரார்த்தனை, தவசு காலத்தில் சிலுவைப்பாதை என்று அவர்களுக்கென ஒரு முழு வழிபாடு தமிழில் இருந்தது. செபமாலையின் ஒவ்வொரு மந்திரத்திலும் முற்பாதியை ஒருவர் சொல்ல, பிற்பாதியை எல்லோரும் சொல்வர். ஒருவர் முடிக்கும் இடத்தில் மற்றவர் தொடங்கும் இவ்வமைப்பில் அந்தாதியின் சாயல் உண்டு. மாலையில் பனி இறங்கும் மலை வீட்டில், விளக்கை ஏற்றிவிட்டுக் குடும்பம் முழுதும் சொல்லும் செபமாலைக்குக் குருவும் வேண்டியதில்லை, ஏடும் வேண்டியதில்லை. எழுத்தறியாத பாட்டிக்கு அது முழுவதும் மனப்பாடம்.

அந்தச் செபமொழிக்கு நெடிய வரலாறு உண்டு. அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட பதினாறு பக்கத் ‘தம்பிரான் வணக்க’மே இந்திய மொழி எழுத்தில் அச்சேறிய முதல் நூலென்பது பலரும் அறிந்தது. அக்காலக் கிறித்தவத் தமிழில் போர்த்துக்கேயச் சொற்கள் மிகுதி. பலிக்கு வழங்கிய ‘மிஸ்ஸா’ என்னும் சொல் தமிழ்க் காதில் மீசையாக ஒலித்ததென வேடிக்கையாகச் சொல்வர். 1606இல் மதுரை வந்த தத்துவ போதகர் என்னும் தெ நொபிலி அடிகள் அந்நிலையை மாற்றினார். பூசை, குரு, கோவில், ஞானஸ்நானம், சர்வேசுரன் என்று வடமொழியும் தமிழும் கலந்த ஒரு வழிபாட்டு நடை உருவாயிற்று. ஆனாலும் பழைய சொற்கள் முற்றும் போகவில்லை. இஸ்பிரீத்து சாந்து நின்றார். சம்மனசுகள் நின்றனர். பேதுரு இராயப்பரானார், பவுல் சின்னப்பரானார், யோவான் அருளப்பரானார், யோசேப்பு சூசையப்பரானார். கற்றோர் இதனைக் கலவை நடை என்றனர். ஆனால் இராயப்பன், சின்னப்பன், அருளப்பன், சூசை என்று பெயர் தாங்கி வாழ்ந்து மடிந்த தலைமுறைகளுக்கு அது தாய்மொழி.

அழுகின்ற அன்னைக்கும் இம்மொழியில் முன்னமே இடம் இருந்தது. வீரமாமுனிவர் ‘அன்னை அழுங்கல் அந்தாதி’ பாடினார். இலங்கையில் பணியாற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் பதினெட்டாம் நூற்றாண்டில் இயற்றிய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவசு காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்படுவது. இறந்த மகனை மடியில் கிடத்திப் புலம்பும் வியாகுல மாதாவைத் தமிழ்ப் பெண்கள் அந்நியராகக் கருதியதில்லை. ஒப்பாரி அவர்கள் அறிந்த கலை. ஆதலால் சேன்சீர் அடிகள் பிரான்சிலிருந்து கொணர்ந்த பக்தி இம்மண்ணில் புதிதாய் வேர்விட வேண்டியிருக்கவில்லை. பெயர் மட்டுமே புதிது. அப்பெயரையும் மக்கள் தம் நாவுக்கேற்ப ஆக்கிக்கொண்டனர். பிரெஞ்சின் இறுதி மெய்யைத் தமிழர் ‘த்’ என்றே கேட்டனர். பின்னர் அதுவே பெண் மக்களின் பெயராயிற்று. சலேத்மேரி என்று அழைக்கப்படும் பெண்ணுக்குத் தன் பெயர் ஆல்ப்ஸ் மலைச் சிற்றூர் ஒன்றின் பெயர் என்பது தெரியாமலிருக்கலாம்.

சங்கத்திற்குப் பின் பீடம் மக்களை நோக்கித் திரும்பிற்று, வழிபாடு தமிழாயிற்று. சலேத் மலையில் அன்னை செய்ததைத் திருச்சபை நூற்றிருபது ஆண்டுகள் கழித்துச் செய்தது எனலாம். வரவேற்கத்தக்க மாற்றம், அதில் ஐயமில்லை. அதே அலையில் செபங்களும் திருத்தப்பட்டன. தனித்தமிழ் உணர்வு நாடெங்கும் பரவியிருந்த காலம் அது. பூசை திருப்பலியாயிற்று. ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று. அர்ச்சியசிஷ்டவர்கள் புனிதராயினர். சம்மனசு வானதூதரானார். 1995இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் இணைந்து வெளியிட்ட திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்புக்குப் பின் இராயப்பரும் சின்னப்பரும் வாசகத்திலிருந்து விடைபெற்றனர். புதிய சொற்கள் தெளிவானவை, தமிழுக்கு உரியவை, ஓதவும் இனியவை. ஆனால் ஒரு குறை உண்டு. எழுபது வயதுப் பெண்மணி ஐம்பது ஆண்டுகள் மனப்பாடமாய்ச் சொன்ன செபத்தைக் கோவிலில் புதிய சொற்களில் கேட்டபோது, அவள் நா தடுமாறிற்று. அவளுடைய மொழியும் மலைப் பேச்சே. அதற்கு இறங்கி வந்தவர் எவரும் இலர். மெலானி விளங்காமல் திரும்பிப் பார்த்ததைக் கண்டு மொழியை மாற்றிக்கொண்ட அன்னையை வணங்குவோர், இப்பெண்மணி திரும்பிப் பார்த்ததைக் கவனித்திருக்கலாம். பொதுவில் புதியதைக் கொண்டு, வீட்டுச் செபத்தில் பழையதைப் போற்றி வைத்திருக்க இயலாதா? பழையதைப் பிழையெனத் திருத்தியதுதான் மிகை.

செண்பகனூரில் இயேசு சபையாரின் ஆவணக் காப்பகம் உள்ளது. மதுரை மிஷனின் கடிதங்களும் ஆண்டறிக்கைகளும் அங்கே பேணப்படுகின்றன. தெ நொபிலி, வீரமாமுனிவர் பற்றிய ஆய்வுகளுக்கு அது ஊற்றுக்கண். அதே செண்பகனூரில் ஆங்கிலாட் அடிகள் மலைப் பூக்களை வண்ணத்தில் தீட்டியதும், பழனி மலைக் கற்பதுக்கைகளை ஆராய்ந்து 1928இல் தொல்லியல் துறை வெளியீடாக நூல் இயற்றியதும் தனியே எழுதத்தக்கவை. குருக்கள் பூவையும் கல்லையும் கடிதத்தையும் காத்தனர். உபதேசியார்கள் நினைவிலிருந்து ஓதியவையோ பெரும்பாலும் அவர்களோடு போயின. எந்த ஊரில் எந்த இராகத்தில் வியாகுலம் வாசித்தனர், பிரார்த்தனைக்கு எந்தச் சொல்லில் மறுமொழி கூறினர் என்பவற்றை முதியோரிடம் கேட்டு எழுதிக்கொள்ள இன்னும் சில ஆண்டுகளே எஞ்சியுள்ளன.

சலேத் காட்சியின் நாள் செப்டம்பர் 19. கொடைக்கானலில் பெருவிழா நடப்பதோ ஆகஸ்ட் 14, 15 ஆகிய நாள்களில், அன்னை விண்ணேறிய திருநாளை ஒட்டி. அழுத நாளை விட்டு மகிழ்ந்த நாளைத் தேர்ந்துகொண்டது மலை. அந்நாள்களில் சமவெளியிலிருந்தும் மலை ஊர்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் திரள்வர். சமயம் பாராது வருவோரும் அவர்களுள் உண்டு. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பி இம்மலையில் குடியேறியோரின் வழித்தோன்றல்களும் இங்கு வாழ்கின்றனர். கூட்டத்தில் செபமாலை தொடங்கும்போது ஒலிபெருக்கி புதிய சொற்களில் முற்பாதியைச் சொல்லும். முக்காடிட்ட முதியவள் ஒருத்தி அதற்குப் பிற்பாதியைப் பழைய சொற்களில் சொல்லி முடித்து, அடுத்த மணிக்கு விரலை நகர்த்துவாள்.