துணியை மறந்துபோன விருந்தாளி

போன மாதம் அக்கா மகள் ஒரு கணக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஈப்போவிலிருந்து ஒரு கார், கோலாலம்பூரிலிருந்து ஒரு லோரி, எதிரெதிரே வருகின்றன. லோரி அரை மணி நேரம் பிந்திக் கிளம்புகிறது. எங்கே சந்திக்கும்?

"போன் போட்டுக் கேட்டா தெரிஞ்சிடும்ல மாமா?" என்றாள்.

எனக்கும் இந்த வகைக் கணக்குக்கும் பழைய பகை. தமிழ்ப்பள்ளியில் இதைப் பிரச்சனைக் கணக்கு என்பார்கள். அங்கே ஓரளவு சமாளித்தேன். புகுமுக வகுப்பு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அதே கணக்கு மலாயில் வந்தது. ஒரு கார் ஒரு பஸ்ஸை 'மெமோத்தோங்' செய்கிறதாம். எனக்குத் தெரிந்த மெமோத்தோங் வெட்டுவதுதான். அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர். முந்திப் போவதற்கும் மலாயில் அதே சொல்தான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கார் எப்படிப் பஸ்ஸை வெட்டும் என்று யோசித்தே சோதனை நேரம் முடிந்தது. பெருக்கலும் வகுத்தலும் எனக்கு வரும். கதைதான் புரியவில்லை.

வளர்ந்தபிறகு, இந்தக் கணக்கை யார் கண்டுபிடித்துத் தொலைத்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ரயில்தான் காரணம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். இங்கே முதல் ரயில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885இல் ஓடியது. கணக்கோ அதற்கு 1,600 ஆண்டுகளுக்குக் குறையாமல் மூத்தது.

சீனாவில் ஹான் அரசர்கள் காலத்தில் தொகுக்கப்பட்ட 'கணிதத்தின் ஒன்பது அத்தியாயங்கள்' என்ற நூல் இருக்கிறது. கி.பி. 263இல் லியு ஹூய் அதற்கு உரை எழுதினார். ஆறாவது அத்தியாயம் வரித் தானியத்தை எந்த ஊர் எவ்வளவு, எத்தனை தூரம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று நியாயமாகப் பங்கிடுவதைப் பற்றியது. வண்டி, சுமை, நாள்கூலி என்று போகும் அதன் நடுவே இப்படி ஒரு கணக்கு வருகிறது.

விருந்தாளி ஒருவர் குதிரையில் கிளம்பிப் போகிறார். அவருடைய குதிரை நாளுக்கு 300 லீ ஓடும். லீ என்பது சீனர்களின் தூர அளவு. துணியை மறந்து விட்டுவிட்டார். நாளில் மூன்றில் ஒரு பங்கு கழிந்தபிறகுதான் வீட்டுக்காரர் அதைப் பார்க்கிறார். குதிரையேறித் துரத்திப்போய்க் கொடுத்துவிட்டு வீடு திரும்பும்போது நாளில் முக்கால் பங்கு முடிந்திருக்கிறது. வீட்டுக்காரரின் குதிரை நாளுக்கு எத்தனை லீ ஓடும்?

முக்காலிலிருந்து மூன்றில் ஒன்றைக் கழித்தால் 5/12 நாள். அது போய்வர ஆன நேரம். போக மட்டும் 5/24. அதற்குள் விருந்தாளி மொத்தம் 13/24 நாள் ஓடியிருப்பார், அதாவது 162.5 லீ. அதே தூரத்தை வீட்டுக்காரர் 5/24 நாளில் கடந்திருக்கிறார். விடை 780 லீ. எக்ஸ் கிடையாது, சமன்பாடு கிடையாது. பின்னமும் பொறுமையும் போதும்.

இதைப் போட்டு முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தியாவில் இதே கணக்கு வானத்தில் நடந்தது. 499ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆரியபடீயத்தில் ஒரே செய்யுளில் இரண்டு விதிகளும் இருக்கின்றன. எதிரெதிரே வந்தால் இடைத்தூரத்தை வேகங்களின் கூட்டுத்தொகையால் வகு; ஒரே திசையில் போனால் வித்தியாசத்தால் வகு. அவருக்குக் கவலை கிரகங்கள் எப்போது சேரும் என்பது. அதனால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறார்: கிடைக்கும் காலம் இனி வரப்போகும் சந்திப்பாகவும் இருக்கலாம், முடிந்துபோன சந்திப்பாகவும் இருக்கலாம். இந்த இரண்டாவது சாத்தியத்தை எந்த ஆசிரியரும் எனக்குச் சொன்னதில்லை.

எக்ஸ் வந்தபிறகும் ஆட்கள் மாறவில்லை. 1707இல் அச்சான நியூட்டனின் இயற்கணித நூலில் ஓடுகிறவர்கள் இரண்டு தபால்காரர்கள். நடுவே 59 மைல். ஒருவர் 2 மணி நேரத்தில் 7 மைல், மற்றவர் 3 மணி நேரத்தில் 8 மைல், அதுவும் ஒரு மணி நேரம் பிந்திக் கிளம்புகிறார். முதலாமவர் 35 மைல் போனதும் சந்திப்பு. பிறகு நியூட்டன் எண்களை எடுத்துவிட்டு எழுத்துகளைப் போடுகிறார். தபால்காரர்கள் காணாமல் போகிறார்கள். எந்த இரண்டு பொருளுக்கும் பொருந்தும் விதி மட்டும் நிற்கிறது. மருமகளின் லோரியும் அந்த விதியில்தான் ஓடுகிறது.

இனி அந்தத் தூக்கம் வராத இரவு. எஸ்.பி.எம். தேர்வுக்குப் போன காலையில் நான் ஐ.சி.யை வீட்டிலேயே வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். அப்பா பாதி வெட்டில் மரத்தை விட்டுவிட்டு மோட்டாரில் துரத்திக்கொண்டு வந்தார். பள்ளி வாசலில் என் கையில் கொடுத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அரை நாள் சம்பளம் போயிருக்கும். பாதி வழியிலேயே என் பஸ்ஸை முந்திவந்து எனக்காகக் காத்திருந்தார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

மருமகளுக்கு லோரிக் கணக்குக்குப் பதிலாக அதையே கொடுத்தேன். பஸ் மணிக்கு 40 கிலோமீட்டர், அப்பா 15 நிமிடம் பிந்தி, மோட்டார் 60. எல்லாம் என் ஞாபகக் கணக்குதான். அவள் எக்ஸ் போட்டாள். 40ஐ ஒரு பக்கம், 60ஐ ஒரு பக்கம் வைத்து, 30 கிலோமீட்டர் என்று கோடு போட்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"மாமா, உங்க ஸ்கூல் எவ்ளோ தூரம்?"

"24."

"அப்பன்னா தாத்தா பஸ்ஸைப் பிடிக்கவே இல்ல. நீங்க போயி மூணு நிமிஷம் கழிச்சுதான் வந்திருக்காரு."

பஸ் தோட்டத்துக்குத் தோட்டம் நின்று ஆள் ஏற்றும், கணக்கில் அது வராது என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. எத்தனை இடத்தில் நிற்கும், ஒவ்வொரு இடத்திலும் எத்தனை நிமிடம் என்று கேட்டு, புதுத் தாளை எடுத்தாள்.